ஞாயிற்றுக்கிழமை மட்டும் கெட்டுப்போகிற கம்ப்யூட்டர்

அருள், நீ கொடுத்தனுப்பிய மேக் வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜை ஓரத்தில் வைத்து, தூசி படக்கூடாது என்று ஒரு பழைய டவலைப் போட்டு மூடியிருக்கிறேன். நான் சாப்பிடும்போதெல்லாம் அதுவும் எதிரே உட்கார்ந்திருக்கிறது. நேற்று போனில் நீ பொறுமையிழந்து, "விண்டோஸ்லயே இருக்கப் போறியா, மேக்குக்கு மாறுறியா? ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றாய். "கரண்ட் போயிடுச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, உனக்கே கேட்டிருக்கும். ஒரே வார்த்தையில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? அதனால் இந்தக் கடிதம். பழைய கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். நீளமாகத்தான் போகும். செலின் பக்கத்தில் இருந்தால் முதலில் நீ மட்டும் படி. படித்து முடித்த பிறகு உன் மனைவிக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

முதலில் உடைத்துச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை. உன் மாமியாரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அறுபது தாண்டிய பிறகு இப்படிச் சொல்ல வெட்கமாக இல்லையா என்றால், இருக்கிறது. சர்ச்சில் ஞாயிறு பூசையில் "என் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொள்ளும்போது இந்த ஒரு பாவத்தை நினைத்துத்தான் தட்டுகிறேன். வீட்டுக்கு வந்து காபி கலக்குவதற்குள் மறுபடியும் வந்துவிடுகிறது. அவர் கெட்டவராக இருந்தாலாவது பரவாயில்லை. நல்ல மனுஷி. அதனால் திட்டவும் முடியவில்லை.

அந்தப் பெட்டி வந்து சேர்ந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. லியோனில் உங்களோடு இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாளே, உன் மாமியார் ஆட்டோ பிடித்துச் சாரம் பகுதியில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். "சம்மந்தி, இந்தாங்க, உங்க புள்ள குடுத்தனுப்புனது. ப்ளேன்ல மேல வெக்க மனசு வரல. மடியிலயே வெச்சிக்கிட்டு வந்தேன்" என்றார். என் பிள்ளை எனக்குக் கொடுத்த சாமான் இன்னொருத்தி மடியில் உட்கார்ந்து கடல் தாண்டி வந்திருக்கிறது! நன்றி சொன்னேன், காபி கொடுத்தேன், சிரித்தேன். கிளம்பும்போது அவர், "தைரியமா மாத்துங்க சம்மந்தி. இதுல ஒண்ணும் கெடாது. நான் வாங்கி ஆறு வருஷமாச்சு, ஒரே ஒரு தடவகூட மாப்பிள்ளைய தொந்தரவு பண்ணதில்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும்தான் நான் டவலைத் தேடினேன். ஒன்றும் கெடாதாம். கெடாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை நீ எதற்காக வருவாய்?

வருவாய் என்றுதான் எழுத வருகிறது, பார். அங்கே உனக்குக் காலை, இங்கே எனக்கு மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த நேரம். நீ அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைவாய். "மவுஸ்லேர்ந்து கைய எடும்மா" என்பாய். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். திரையில் அம்பு தானாக நகரும். அது நீ. எதையாவது திறப்பாய், மூடுவாய், யோசிக்கும்போது அம்பைச் சும்மா வட்டமாகச் சுற்றுவாய். சின்ன வயதில் கணக்குப் போடும்போது பென்சிலை அப்படித்தான் சுற்றுவாய். வீடியோவில் பேசினால் "சாப்டியாம்மா, மாத்திர போட்டியா" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாய். கம்ப்யூட்டர் கெட்டால் ஒரு மணி நேரம் இருக்கிறாய். அது சரியாகிற வரைக்கும் ஆபீஸ் கதை, பக்கத்து வீட்டு நாய் கதை, உன் பெண் லியா சூப்பைத் துப்பிய கதை எல்லாம் வரும். உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிற நேரம் அந்த ஒரு மணி நேரம்தான்.

உன் மாமியாருக்கு என்ன குறை, சொல். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. பென்ஷன் வருகிறது, கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது. பேத்தியைப் பார்க்கத் தோன்றினால் டிக்கெட் எடுத்தால் போதும். ஊரில் பாதிப் பேருக்கு விசாக் காகிதம் அடித்துக் கொடுத்தவள் நான், எனக்கென்று வரும்போது நானும் அதே காகிதக் கட்டோடு காத்திருக்க வேண்டும். லியா ஞானஸ்நானத்துக்கு நீங்கள் இங்கே வந்திருந்த மூன்று வாரம்தான் நான் அவளைத் தூக்கி வைத்திருந்தது. சரி, படமாவது ஒழுங்காக வருகிறதா? செலின் எடுக்கிற படமெல்லாம் அவர் மேக்கில் தானாகப் போய் விழுந்துவிடுகிறதாம். எனக்கு அனுப்ப உங்களில் யாராவது ஒருவர் நினைக்க வேண்டும். நினைப்பதற்குள் இரண்டு நாள் ஆகிவிடும். பெரிய மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் போதும், "லியாவுக்குப் பல்லு மொளச்சிருக்கே, பாத்தீங்களா சம்மந்தி?" என்பார். "பாத்தேன் பாத்தேன்" என்பேன். பார்த்திருக்க மாட்டேன். கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுவேன். இதற்குத்தான் நீ "நீயும் மாறிடும்மா, எல்லாரும் ஒரே எடத்துல இருக்கலாம்" என்கிறாய். பழைய கம்ப்யூட்டருக்கு இனிமேல் அப்டேட்டும் வராது என்கிறாய். நீ சொல்வதெல்லாம் நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

இந்தப் பொறாமை உன் மாமியாரால் வந்த நோய் இல்லை. ரொம்பப் பழையது. நீ ஏழாவது படிக்கும்போது உன் சிநேகிதன் சலீம் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவாய். விளக்கு வைத்த பிறகு வந்து, "சலீம் அம்மா சமோசா குடுத்தாங்க, பசிக்கல" என்பாய். நான் சுட்டு வைத்த தோசை விறைத்துக் கிடக்கும். ஒரு மழை நாளில் குடை எடுத்துக்கொண்டு உன்னைத் தேடிப் போனேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மா பின்னால் நின்று உன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "நனஞ்சிட்டு வந்தான், பாவம் புள்ள" என்றார். அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அந்த மாதமே உன் அப்பாவை நச்சரித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்க வைத்தேன். அப்பாவிடம் "புள்ள படிப்புக்கு" என்றேன். அக்கம்பக்கத்தில் "என் டைப்பிங் வேலைக்கு" என்றேன். அது உன்னை அந்த ஸ்டூலிலிருந்து எழுப்பிக்கொண்டு வருவதற்காக வாங்கியது. பிறகு ஒருநாள் சலீம் கடைத்தெருவில் என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, அருள் ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?" என்று கேட்டான். "பரீட்சைக்குப் படிக்கிறான்" என்றேன். பரீட்சை ஒன்றும் இல்லை. உங்கள் சிநேகம் அப்படியே தேய்ந்துபோனதில் என் கை இருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று விசாரித்து, ஒருமுறை பேசு.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கும் சோறு போட்டது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் மொழிபெயர்ப்பாளர் ஆபீசில் பிரெஞ்சு டைப்ரைட்டரில் பல வருஷம் அடித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிறப்பு, கல்யாணம், இறப்புச் சான்றுகளைப் பிரெஞ்சில் அடித்துக் கொடுக்கிற வேலை. எத்தா சிவில் காகிதம் என்று ஊரில் சொல்வது அதைத்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தேன். ஆனால் பிரெஞ்சில் e-யின் தலையில் ஒரு சாய்கோடு வரும், சில இடத்தில் எதிர்ப்பக்கம் சாயும், சில இடத்தில் தொப்பி போடும், c-க்கு வால் முளைக்கும். ஒரு கோடு தவறினால் காகிதம் திரும்பி வந்துவிடும். நம் கீபோர்டில் அந்தக் கோடுகளே இல்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது நீதான் எங்கேயோ படித்துக் கண்டுபிடித்தாய்: ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு நூற்று முப்பது என்று அடித்தால் கோடு போட்ட e வரும். 130, 138, 136, 135, 133 என்று ஒரு சீட்டில் எழுதி, எதிரே அந்தந்த எழுத்தைப் போட்டு, திரையின் ஓரத்தில் ஒட்டினாய். அதன்பிறகு மூன்று கம்ப்யூட்டர் மாறிவிட்டது. சீட்டு மட்டும் டேப் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டு இன்றும் என் எதிரே இருக்கிறது. எண்களெல்லாம் விரலுக்கு மனப்பாடம், சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் அடிப்பேன். மேக்கில் அந்த எண்கள் செல்லாதாம்.

உன் மனைவி பெயரிலேயே ஒரு நூற்று முப்பது இருக்கிறது, தெரியுமா? அவளுடைய பிறப்புச் சான்றை அடிக்க அவள் அம்மா என்னிடம் வந்தபோதுதான் அந்தக் குடும்பம் எனக்குப் பழக்கமானது. முடித்து, கவரில் போட்டு, "குடுத்துட்டு வாடா" என்று உன்னைச் சைக்கிளில் அனுப்பியவளும் நான்தான். பத்து நிமிட வேலை. இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "அவங்க வீட்ல மேக் இருக்கும்மா, சூப்பரா இருக்கு" என்றாய். உன் முகத்தில் இருந்த பிரகாசம் மேக்கைப் பார்த்து வந்தது என்று நம்பினேன், என் புத்தியை என்ன சொல்ல. பிறகு உன் கல்யாணக் காகிதங்களையும் நானேதான் அடித்தேன். அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் நூற்று முப்பது. பிள்ளையை லியோனுக்கு அனுப்பி வைக்கிற காகிதத்தில் ஒரு கோடுகூடத் தவறவில்லை. திரும்பியே வரவில்லை அது, ஒரே தடவையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டிருக்கலாமே என்று விமான நிலையத்திலிருந்து வரும்போது நினைத்தேன்.

இதுவரை நேற்று அடித்தது. இதற்குக் கீழே, "அதனால் வேண்டாம்ப்பா. என் தொழிலுக்கு நூற்று முப்பது தேவை. பழையதிலேயே இருந்துவிடுகிறேன்" என்று முடித்து வைத்திருந்தேன். நல்ல காரணம்தானே? நீயும் நம்பியிருப்பாய். இன்று மதியம் வந்து அந்த வரிகளை அழித்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் திருட்டைச் சொல்ல வேண்டும்.

நீ போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிண்டர் நிஜமாகவே கெட்டது. ஒரு மணி நேரம் இருந்து சரிசெய்தாய். அடுத்த ஞாயிறு எல்லாம் நன்றாக இருந்தது, ஐந்து நிமிடத்தில் போய்விட்டாய். அதற்கடுத்த ஞாயிறு, நீ கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பிரிண்டரின் வயரை நானே தளர்த்தி வைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வாரம் நெட்டை அணைத்து வைத்தேன். ஒரு வாரம் ஃபைலை வேறு இடத்தில் ஒளித்துவிட்டு "காணோம்டா" என்றேன். ஒரு வாரம் திரையின் அடியில் இருக்கிற பட்டையைத் தூக்கிப் பக்கவாட்டில் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை வந்தாலே இந்த வாரம் எதைக் கெடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். எல்லாவற்றையும்விடப் பெரிய புளுகு, கீபோர்டைப் பிரெஞ்சு வரிசைக்கு மாற்றி வைத்துவிட்டு, "A அடிச்சா Q வருதுடா, எனக்கு ஒண்ணுமே புரியல" என்று நான் பதறியது. அந்த வரிசையில்தான் என் இளமைக்காலம் முழுக்க டைப்ரைட்டரில் அடித்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ அதை மறந்துவிட்டாய் என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வேறு.

அந்தப் புளுகு சொன்ன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். மூன்று மாதம் ஆகியிருக்கும். நீ வரிசையை மாற்ற மாற்ற, இந்தப் பக்கம் நான் "இன்னும் வரலியே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடச் சொன்னாய். அப்போது உனக்குப் பின்னால் எங்கேயோ செலின் கத்தினாள். என்ன சொன்னாள் என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, ஆனால் உன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தது. "போய் என்னன்னு பாத்துட்டு வா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், போகிறாயா என்று பார்க்க. நீ போகவில்லை. அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு, "இதை முடிச்சிடலாம்மா" என்றாய். அம்பு என் திரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் கூப்பிட்டும் என் பிள்ளை நகரவில்லை! அன்று சாயங்காலம் எனக்கு நானே ஏலக்காய் தட்டிப் போட்டு ஒரு டீ குடித்தேன்.

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். சங்கரா மீனைப் புரட்டிச் செவுள் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால், "சம்மந்தி, பெட்டிய பிரிச்சிட்டீங்களா?" என்று குரல். வேறு யார்? "இன்னும் இல்ல, வேல சரியா இருக்கு" என்றேன். "இந்தப் பக்கம்தான வீடு, வாங்க, பத்து நிமிஷம். எப்பிடின்னு நான் காட்டறேன்" என்று கையைப் பிடித்துவிட்டார். எனக்குக் கற்றுக்கொள்ளும் ஆசை இல்லை. தானாக விழுகிற படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. மீன் பையைக் கொடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிவிட்டு அவர் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

எத்தனை படம் அருள்! லியா குளிப்பது, தூங்குவது, உன் செருப்பைக் கடிப்பது. எனக்கு வந்தது இதில் பத்தில் ஒன்று இருக்காது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வீடியோவில் நிறுத்தி, "இது பாப்பா மொதமொதல்ல நடந்தது" என்றார். லியா நடக்கிறாள் என்று நீ எனக்கு அனுப்பியது பூங்காவில் எடுத்தது. இது வீட்டுக்குள். சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டாள். ஒரு அடி, இன்னொரு அடி, மூன்றாவது அடியில் உட்கார்ந்துவிட்டாள். பிரெஞ்சும் தமிழுமாகச் செலின் குரல்: "அருள்! வித், வித்! சீக்கிரம் வா, நடக்கறா பாரு!" அடுத்த அறையிலிருந்து உன் குரல், லேசாக: "இரு, அம்மா லைன்ல இருக்காங்க." அதற்குப் பின்னால், இன்னும் லேசாக, ஸ்பீக்கரில், "இன்னும் Q-தாண்டா வருது" என்று என் குரல்.

உன் மாமியார் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு கீபோர்டு..." என்று ஆரம்பித்தேன், மேலே வரவில்லை. "நான்தான் மாத்தி வெச்சேன் சம்மந்தி. கெடல" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதுவும் யாரிடம்!

அவர் சிரிக்கவில்லை. "மாப்பிள்ளைக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். நான் அங்க இருந்தப்ப செலின் ஒருநாள் சத்தம் போட்டா, ஞாயித்துக்கெழமையானா உங்கம்மா கம்ப்யூட்டர்தானான்னு. அதுக்கு அவரு சொல்றாரு, 'எங்கம்மா பிரெஞ்சு டைப்ரைட்டர்ல அடிச்சவங்க. A எங்க இருக்கு, Q எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம மட்டும் மறந்துடுவாங்க. மறந்துட்டுப் போகட்டும்'னு."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். தெரிந்துதான் போகாமல் உட்கார்ந்திருந்தாயா? கெடாத கம்ப்யூட்டர் என்று தெரிந்துகொண்டே, உன் பெண் நடந்ததைப் பார்க்காமல், என் திரையில் அம்பைச் சுற்றிக்கொண்டிருந்தாயா? அது உன் பெண்ணின் முதல் அடி, அருள். அதை நான் உனக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. கெடுத்ததையெல்லாம் சரிசெய்து கொடுத்தாய், இதை யார் சரிசெய்வது?

நான் அழுததைப் பார்த்து அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில், "எனக்கு உங்கள பாத்தா பத்திக்கிட்டு வரும் சம்மந்தி" என்றார்.

"என்னப் பாத்தா? உங்களுக்கு என்ன கொறச்சல்?"

"எனக்குத்தான் எல்லாம் தானா வந்துடுதே. பாப்பா நடந்த வீடியோ வந்து விழுந்துச்சு. நான் துள்ளிக் குதிச்சி என் பொண்ணுக்கு போன் போட்டேன். 'பாத்துட்டல்ல மம்மா, அப்புறம் பேசறேன்'னு வெச்சிட்டா. எப்ப கூப்ட்டாலும் இதான். படம்தான் வந்துச்சே, பாக்கலியாங்கறா. பேசறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வாராவாரம் ஒரு மணி நேரம். எனக்கு இது கெட்டுத் தொலைஞ்சாலாவது பரவால்ல, கெடவும் மாட்டேங்குது!" என்று அந்த மேக்கின் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

இத்தனை நாள் நான் யாரைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவர் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தியும் வந்தது, அதையும் ஒளிக்க மாட்டேன். கிளம்பும்போது அவர், "கோடு போட்ட e வேணும்னா e-ய அமுக்கி அப்பிடியே பிடிச்சிருங்க. மேல எல்லாம் வரிசையா வந்து நிக்கும். வேணுங்கறத எடுத்துக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்தார். நூற்று முப்பதுக்கு அவ்வளவுதான் வேலையாம். என் வேகத்துக்கு அது ஆகாது, இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். பாதி வழி வந்த பிறகுதான் மீன் அவர் ஃப்ரிட்ஜிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. இருக்கட்டும், நாளை போய் அங்கேயே குழம்பு வைத்துச் சாப்பிடலாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் டவலை எடுத்தேன். நீ கேட்ட ஒரே வார்த்தை: மாறுகிறேன். பழையதைப் பரணில் போட மாட்டேன், பெரிய கட்டாக வேலை வந்தால் நூற்று முப்பதுதான் எனக்கு ஓடும். மற்றதற்கெல்லாம் புதுசு. லியா படம் தானாக வந்து விழட்டும். ஆனால் உன் மாமியாருக்கு நீங்கள் செய்த தப்பை எனக்குச் செய்யாதே. படம் வந்துவிட்டது என்பதற்காகச் சொல்ல வேண்டியதை விட்டுவிடாதே. செலினிடம் சொல், அவள் அம்மாவைக் கூப்பிட்டு நிதானமாகப் பேசட்டும். நீயும் அவரைக் கூப்பிடு, கெடுவதற்குக் காத்திருக்காதே, அது கெடாது. வாரம் ஒருமுறை பேசு. என்னோடு பேசுவதைவிட ஐந்து நிமிடம் குறைவாகப் பேசு. அந்த ஐந்து நிமிட வித்தியாசம் போதும், நான் அவ்வளவு மோசமில்லை. லியா அவரைப் பிரெஞ்சுப் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி மெமே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாளாம். என்னை ஆயா என்று கூப்பிடக் கற்றுக்கொடு, அதில் மட்டும் அசட்டையாக இருக்காதே.

இன்னொன்று. நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர்களில் யார் கூப்பிட்டாலும் எழுந்து போய்விடு. நான் காத்திருப்பேன். கை மடியில்தான் இருக்கும். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதனால் ஒருமுறைதான் சொல்வேன்.

இந்தக் கடைசிப் பத்தியை மேக்கில் அடிக்கிறேன். உனக்கு வித்தியாசம் தெரியாது, எழுத்து எழுத்தாகத்தான் இருக்கிறது. திறந்ததும் முதலில் e-யை அமுக்கிப் பிடித்து செலின் பெயரை அடித்துப் பார்த்தேன். கோடு சரியாக விழுந்தது. பிறகு உன் சீட்டைப் பழைய திரையிலிருந்து உரித்துக் கொண்டுவந்து இதன் ஓரத்தில் ஒட்டினேன். அந்த எண்களுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. இருக்கட்டும், பார்த்துக்கொண்டு அடிக்க எனக்கு வேண்டும். பழையதில் பிரிண்டர் வயர் இறுக்கமாக இருக்கிறது, நெட் இருக்கிறது, A அடித்தால் A-தான் வருகிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. எதுவும் கெடவில்லை, அருள். இருந்தாலும் கூப்பிடு.